பெட்டையா, சேவலா: நாமக்கல்லிலிருந்து குர்லா வரை

நாமக்கல்

முட்டையை உடைத்து வெளிவந்து ஈரம் உலர்ந்த கோழிக் குஞ்சின் உடலில், அது சேவலா பெட்டையா என்பதைக் காட்டும் அடையாளம் எதுவும் வெறுங்கண்ணுக்குத் தென்படுவதில்லை. கன்றுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பிறந்த கணத்திலேயே விடை கிடைத்துவிடும் இந்தக் கேள்வி, கோழி வளர்ப்போருக்கு மட்டும் ஐந்து வாரமோ எட்டு வாரமோ காத்திருக்க வேண்டிய ஒன்றாகக் காலங்காலமாக இருந்துவந்திருக்கிறது. அவ்வளவு நாள் காத்திருக்க முடியாத ஒரு தொழில் தோன்றிய பிறகே முதல் நாளில் பிரித்தறியும் வழிகள் தேடிக் கண்டறியப்பட்டன. அந்தத் தொழிலுக்குத் தமிழகத்தில் தலைநகரம் நாமக்கல். 2022-23 ஆம் ஆண்டில் இந்தியாவில் உற்பத்தியான ஏறத்தாழ 13,838 கோடி முட்டைகளில் ஆந்திரத்துக்கு அடுத்த பெரும்பங்கு தமிழ்நாட்டினுடையது. அதில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தின் நீண்ட கூரைகளுக்கு அடியில், கம்பிக் கூண்டுகளில் இடப்பட்டது. முட்டைக்காகவே வளர்க்கப்படும் வெள்ளை லெக்ஹார்ன் வழிவந்த இனங்களில் சேவலுக்கு இடமில்லை. அது முட்டையிடாது, கறிக்கோழியைப்போல ஆறு வாரத்தில் சதைபிடிக்கவும் செய்யாது. ஆகவே பொரிப்பகத்தில், அதாவது செயற்கை வெப்பத்தில் முட்டைகளை இருபத்தொரு நாள் வைத்துக் குஞ்சாக்கும் நிலையத்தில், குஞ்சுகள் தட்டிலிருந்து எடுக்கப்படும் அன்றே ஆண் வேறு, பெண் வேறாகப் பிரிக்கப்படுகின்றன.

பிரிக்கும் மேசையில் அமர்ந்திருக்கும் பெண்ணின் கையை அருகிருந்து பார்த்தால் மட்டுமே இந்த வேலையின் நுட்பம் புலப்படும். இடக்கையில் குஞ்சை ஏந்தி, வலக்கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அதன் இறக்கையை விசிறிபோல விரிக்கிறார். இரண்டு வரிசை இறகுக் குருத்துகள் தெரிகின்றன: ஒன்று பிற்காலத்தில் பறப்பதற்கான இறகு, மற்றது அதன் அடிப்பகுதியை மூடும் போர்வை இறகு. பறப்பிறகு நீண்டு போர்வை இறகு குட்டையாக இருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே நீளமாகவோ போர்வை இறகு மிஞ்சியோ இருந்தால் சேவல். ஒரு குஞ்சுக்கு ஓரிரு நொடிதான். ஆனால் இந்த அடையாளம் எல்லாக் கோழிக்கும் பொருந்துவதன்று. இறகு மெதுவாக முளைக்கும் தாய்க்கோழியையும் விரைவாக முளைக்கும் சேவலையும் இணைத்து, இதற்கென்றே உருவாக்கப்பட்ட வழிகளில் மட்டும், அதுவும் முதல் ஓரிரு நாள் வரைக்குமே இது செல்லும்.

இதற்கு முந்தைய முறை ஜப்பானில் பிறந்தது. கியோஷி மசூயி, ஜூரோ ஹாஷிமோட்டோ ஆகிய அறிஞர்கள், குஞ்சின் கழிவாயை, அதாவது எச்சமும் இனப்பெருக்க உறுப்பும் ஒன்றாகத் திறக்கும் துளையை, விரலால் மெல்ல விரித்துப் பார்த்தால் உள்விளிம்பில் குண்டூசித் தலையிலும் சிறிய ஒரு மேடு ஆண் குஞ்சில் தெரியும் என்பதை 1920களில் நிறுவினர். 1927இல் கனடாவின் ஒட்டாவாவில் கூடிய உலகக் கோழியின மாநாட்டில் இச்செய்தி வெளியானதும் ஜப்பானியப் பயிற்சியாளர்களை மேலைநாட்டுப் பொரிப்பகங்கள் தேடி அழைத்தன. தேர்ந்தவர் மணிக்கு ஆயிரம் குஞ்சுக்கு மேல் பிரிப்பார். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாக இருக்கும். பெட்டைக் குஞ்சு சிலவற்றிலும் அந்த மேடு இலேசாக இருப்பதால் அதன் உருட்சியையும் பளபளப்பையும் கொண்டே தீர்மானிக்க வேண்டும். பல ஆயிரம் குஞ்சு கையில் பழகிய பிறகே அந்தப் பார்வை வாய்க்கிறது. பழகாத கை அழுத்தினால் குஞ்சின் குடல் நைந்துபோகும் என்பதால், வீட்டில் யாரும் முயலக் கூடாத முறை இது.

மேசைக்கு இருபுறமும் இரண்டு கூடைகள். ஒன்று பண்ணைக்குப் போகிறது. மற்றொன்றில் விழும் குஞ்சுகள், உலகின் பல நாடுகளில் உள்ள வழக்கப்படி, அன்றே கொல்லப்படுகின்றன. தப்புபவை மிகக் குறைந்த விலைக்கு வியாபாரிகளிடம் கைமாறுகின்றன. இந்தப் பயணத்தின் மறுமுனையில், மும்பையில் உள்ள குர்லாவின் நடைபாதையில், அந்த இரண்டாவது கூடையே மீண்டும் எதிர்ப்பட்டது.

மோகனூர்

காவிரிக் கரையில் உள்ள மோகனூரை ஒட்டிய தோட்டத்து வீடுகளில் கோழி இன்னும் பஞ்சாரத்தில்தான் அடைகிறது. பஞ்சாரம் என்பது மூங்கில் சிம்பு கொண்டு மணி வடிவில் பின்னப்பட்ட, தரையில் கவிழ்த்து வைக்கும் கூடை. வாசலில் சாணம் தெளித்த மண், வாழைக்கட்டை, குப்பைமேடு, சுற்றிலும் மேய இடம் என எதற்கும் குறைவில்லாத அந்த முற்றத்தில் பதினோரு குஞ்சுகளுடன் ஒரு தாய்க்கோழி கேறிக்கொண்டு திரிந்தது. வீட்டு மூதாட்டியை அக்கம்பக்கத்தார் அம்மாயி என்றே அழைக்கின்றனர். அடை வைக்கும்போதே முட்டையைப் பொறுக்கி வைப்பதாக அவர் சொன்னார்: "கூரு மூக்கு முட்டைன்னா சாவக்குஞ்சு, உருண்டையா இருந்தா பொட்டை, கண்ணு." குஞ்சைப் பிடரியில் தூக்கினால் காலைத் தொங்கவிடுவது சேவல், மடக்கிக்கொள்வது பெட்டை என்பது அவருடைய இரண்டாவது விதி.

இந்நம்பிக்கை கொங்கு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் நீண்டு கூரான முட்டையில் பெட்டை என்று எழுத, உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லா அதற்கு நேர்மாறாகக் கூரானதில் சேவல் என்று எழுதினார். இருவரும் கண்டதாக நம்பியதைத்தான் எழுதினர். முட்டையின் வடிவம் தாயின் கருக்குழாய் தருவது. கூரான முட்டையிடும் கோழி பெரும்பாலும் ஆயுள் முழுதும் கூராகவே இடும், அவற்றிலிருந்து சேவலும் பெட்டையும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வரும். எந்த விதியும் பாதி முறை பலிக்கும். பலித்தது நினைவில் நிற்கும், பொய்த்தது மறந்துபோகும். ஆயினும் அதே மூதாட்டி, வேலியோரம் மேய்ந்த ஆறு வாரக் குஞ்சுகளைப் பத்தடி தொலைவிலிருந்தே ஒவ்வொன்றாகக் கைநீட்டிப் பிரித்துச் சொன்னபோது அதில் ஐயத்துக்கு இடமிருக்கவில்லை. முட்டையைப் பற்றிய அவருடைய விதி கேட்டறிந்தது, குஞ்சைப் பற்றிய பார்வை வாழ்ந்தறிந்தது, பின்னதே மதிப்புக்குரியது.

சேலம் முதல் சோலாப்பூர் வரை

கோயம்புத்தூரிலிருந்து குர்லாவுக்குச் செல்லும் விரைவு வண்டி சேலம், தருமபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூரை அடைந்து, குண்டக்கல்லைக் கடந்து தக்காணத்தின் கரிசல் மேட்டில் ஏறுகிறது. பச்சை குறைந்து, சோளத் தட்டையும் துவரையும் கருவேலமுமாக நிலம் மாறுகிறது. இட்லிப் பொட்டலம் தீர்ந்த இடத்தில் சோளப் பாக்ரியும் வேர்க்கடலைச் சட்னியும் தொடங்குகின்றன.

எதிர் இருக்கையில் தருமபுரிக்காரர் ஒருவர். தாராவியில் முப்பது ஆண்டுகளாகத் தையல் வேலை. ஊரில் முனியப்பன் பூசைக்குச் சேவல் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். நேர்ந்துவிடுதல் என்பது ஒரு வேண்டுதலை முன்வைத்து, குஞ்சாக இருக்கும்போதே ஒரு கோழியைச் சாமிக்கென்று குறித்து விற்காமலும் அறுக்காமலும் வளர்ப்பது. "பொட்டையக் குடுத்தா சாமி ஏத்துக்காதுங்க. போன தடவ நேந்துவுட்டது அஞ்சாம் மாசம் முட்ட வச்சிருச்சு" என்று அவர் சொன்னபோது குரலில் இருந்த வருத்தம் உண்மையானது. ஓராண்டுக் காத்திருப்பு, ஊருக்கு வர எடுத்த விடுப்பு, வாக்குத் தவறிய அச்சம் எல்லாம் அந்த ஒரு குஞ்சின் பாலில் தங்கியிருந்தன.

குஞ்சின் பால் எங்கே தீர்மானமாகிறது என்பதை அவருக்கு விளக்க நேர்ந்தது. மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணு தீர்மானிக்க, கோழியில் அது தாயின் கருமுட்டையிலேயே தீர்ந்துவிடுகிறது. பால் குரோமோசோம்கள், அதாவது ஆண் பெண் வேறுபாட்டைச் சுமக்கும் மரபிழைகள், கோழியில் இசட் என்றும் டபிள்யூ என்றும் பெயர்பெற்றவை. இரண்டு இசட் பெற்றது சேவல், ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் பெற்றது பெட்டை. தாயிடமுள்ள ஒரே இசட் மகனுக்குத்தான் செல்லும். மகளுக்குக் கிடைக்கும் இசட் தந்தையுடையது. எனவே இசட்டில் அமைந்த நிறமும் இறகுத் தன்மையும் தாயிடமிருந்து மகனுக்கும் தந்தையிடமிருந்து மகளுக்கும் குறுக்காகப் பாய்கின்றன. நாமக்கல் மேசையில் இறக்கையை விரித்துப் பார்ப்பதன் அடிப்படை இதுவே. கேம்பிரிட்ஜில் ரெஜினால்ட் பன்னெட்டும் மைக்கேல் பீஸும் 1920களின் இறுதியில் இன்னும் ஒரு படி சென்று, பட்டைக்கோடு இறகின் மரபணுவைச் சேர்த்து கேம்பார் என்னும் தனி இனத்தையே உருவாக்கினர். அதில் இரு இசட்டிலும் அம்மரபணுவைச் சுமக்கும் ஆண் குஞ்சு வெளிறியும், ஒன்றில் மட்டும் சுமக்கும் பெண் குஞ்சு அடர்ந்தும் பொரிப்பதால், கூடைக்குள் எட்டிப் பார்த்தாலே பிரித்துவிடலாம்.

"எங்க ஊருக் கோழிக்கு இது ஆவுங்களா?" என்று தையற்காரர் கேட்டார். ஆகாது. நாட்டுக்கோழி பல தலைமுறைக் கலப்பில் வந்தது. எந்த இறகு மரபணு எதனிடம் இருக்கிறது என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. அதற்குக் கண்ணும் நாளும்தான் கருவி.

போர் காட்

புணேயைத் தாண்டி லோணாவளாவில் சிக்கி என்னும் கடலை மிட்டாய்ப் பொட்டலங்கள் ஏறியதும் வண்டி 1863இல் திறக்கப்பட்ட மலைப்பாதையில் இறங்குகிறது. சுரங்கம், அருவி, மறுபடியும் சுரங்கம் என்று ஒரு மணி நேரத்துக்குள் தக்காணத்தின் வறட்சி முடிந்து கொங்கணத்தின் ஈரக்காற்று முகத்தில் படுகிறது. கல்யாணுக்குப் பிறகு நிலம் என்று சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை, கூரைகள் மட்டுமே.

குர்லா

சதுப்பில் மலிந்திருந்த நண்டின் மராத்தியப் பெயரான குர்லியிலிருந்து குர்லா என்னும் பெயர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. சால்செட் தீவின் விளிம்பில் மித்தி ஆற்றை ஒட்டிய சிற்றூராக இருந்த இது, 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்சாரப் பயணி ரயில் விக்டோரியா டெர்மினஸிலிருந்து வந்து நின்ற இடம் என்பதால் ரயில் வரலாற்றில் நிலைத்திருக்கிறது. இன்று மத்திய வழியும் துறைமுக வழியும் சந்திக்கும் இந்நிலையத்தின் படிக்கட்டில் ஓர் அடி எடுத்துவைக்கவும் தோளால் இடம் கேட்க வேண்டும்.

நிலையத்துக்கு வெளியே, வடா பாவ் தள்ளுவண்டிக்கும் கைப்பேசி உறைகள் விற்பவருக்கும் நடுவே, அட்டைப் பெட்டி ஒன்றில் இளஞ்சிவப்பு, பச்சை, ஊதா நிறங்களில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள். வெள்ளை இனக் குஞ்சின் மேல் சாயம் தெளித்து விற்பது. இரண்டு மூன்று வாரத்தில் இறகு முளைத்ததும் நிறம் போய்விடும். புணேப் பக்கத்துப் பொரிப்பகத்திலிருந்து வருவதாக விற்பவர் சொன்னார். எல்லாம் பெட்டை, ஐந்து மாதத்தில் முட்டையிடும் என்று அவர் உறுதியளித்ததைப் பள்ளிச் சீருடையில் நின்ற ஒரு சிறுமி நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவை நாமக்கல் மேசையின் இரண்டாவது கூடைக்கு உறவினமானவை. பெட்டைக் குஞ்சுகள் பண்ணைக்கு விலைபோய்விட, தெருவுக்கு வருபவை பெரும்பாலும் முட்டையினத்தின் ஆண் குஞ்சுகளே; இடையே சில கறிக்கோழிக் குஞ்சுகளும் கலந்திருக்கும். நகரத்துக் குழந்தையின் முதல் கோழி ஏறக்குறைய எப்போதும் சேவல்தான் என்பதற்கு ஒரு தொழிலின் கணக்கே காரணம்.

நிலையத்துக்கு மேற்கே, ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய சந்து ஒன்றில், நெல்லைச் சீமையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பத்தின் வீடு. முற்றம் இல்லை, சாக்கடையை மூடிய கற்பலகையின் மேல் பழப்பெட்டியைக் கவிழ்த்துக் கம்பிவலை அடித்ததுதான் கோழிக்கூடு. மோகனூர்ப் பஞ்சாரத்தைச் சுற்றி ஓர் ஏக்கர் இருந்தது. இங்கே கோழி மேயும் நிலம் நான்கு வீட்டு வாசற்படிகள், உணவு மீன் கழுவிய நீரோடு விழும் செதிலும் சோற்றுப் பருக்கையும். வீட்டுத் தலைவி போன ஆண்டு மகளின் பிடிவாதத்தால் ஆறு சாயக் குஞ்சுகள் வாங்கினார். முதல் வாரம் முப்பத்தைந்து பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டிய குஞ்சுகள் அவை. மின்விளக்கைக் கட்டித் தொங்கவிட்டும் நான்கு இறந்தன. பிழைத்த இரண்டில் ஒன்றுக்கு லட்சுமி என்று பெயர். நான்காம் மாதத்தில் ஒரு விடியற்காலை லட்சுமி கூவியது. இரவுப் பணி முடிந்து உறங்குவோர் நிறைந்த சந்தில் சேவல் வைத்திருக்க முடியாமல், இரண்டையும் பக்கத்து வீட்டு மராத்திய மூதாட்டி ரத்னகிரிப் பக்கத்துத் தம் ஊருக்குக் கொண்டுபோனார். பதிலுக்கு அங்கிருந்து அவர் கொண்டுவந்த காவ்டி கோழிக்கு, அதாவது நாட்டுக்கோழிக்கு, இப்போது ஒன்பது குஞ்சுகள், ஏழு வாரம்.

அந்த ஒன்பதையும் இரு பெண்களும் பிரித்துக் காட்டியதுதான் பயணத்தின் பெரும்பேறு. தனிக் குஞ்சைப் பார்த்து எதையும் சொல்லக் கூடாது, ஒரே ஈட்டில் பொரித்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்களின் முதல் பாடம். எந்த நூலும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. "அஞ்சு வாரம் கழியட்டும், கொண்டை தானாச் சொல்லிரும்" என்றார் நெல்லைப் பெண். சேவல் குஞ்சின் கொண்டை அகன்று இளஞ்சிவப்பிலிருந்து சிவப்புக்கு ஏறுகிறது, அலகின் கீழே தாடி அரும்புகிறது. பெட்டையினுடையது மஞ்சள் பாய்ந்த சிறு கோடாகவே நிற்கிறது. சேவலின் கால் தடித்து மூட்டு புடைத்திருக்கிறது. பெட்டைக்கு வாலும் முதுகும் முன்னதாகவே இறகால் மூடிவிட, சேவலுக்குத் தோளும் முதுகும் வெறுந்தோலாகத் தெரிய, வால் மொட்டையாக நிற்கிறது. தலைக்கு மேல் காக்கை பறந்தபோது சில குஞ்சுகள் பதுங்க, சில கழுத்தை நிமிர்த்தி நின்றன. மூதாட்டி நிமிர்ந்தவற்றைச் சுட்டி "கோம்ப்டா" என்றார், பதுங்கியவற்றைத் "தலங்க்" என்றார். தலங்க் என்பது இன்னும் முட்டையிடாத இளம்பெட்டைக்கு மராத்திச் சொல், தமிழில் வெடைக்கோழி. நடத்தையை மட்டும் நம்பிவிடக் கூடாது என்றாலும், மற்ற அடையாளங்களோடு சேரும்போது அதுவும் சாட்சிதான்.

நான்கு சேவல், நான்கு பெட்டை என்று தீர்ப்பாயிற்று. ஒன்பதாவது குஞ்சு இருவரையும் திணறடித்தது. அதன் தந்தைவழியில் அசில் என்னும் சண்டைக்கோழி இரத்தம் கலந்திருக்க வேண்டும். கொண்டை ஒற்றைத் தகடாக எழாமல், மூன்று வரிசைப் பட்டாணி பதித்ததுபோல் தாழ்ந்து கிடந்தது. இத்தகைய கொண்டை சேவலிலும் சிறிதாகவே இருக்கும். கால் தடித்திருந்தது, ஆனால் அசில் வழியில் பெட்டைக்கும் கால் தடிப்பே. "மாவ்ஷி, இது பொட்டைதான்" என்று நெல்லைப் பெண் சொல்ல, மூதாட்டி தலையசைத்து மறுத்தார். பன்னிரண்டாம் வாரத்துக்குப் பிறகு இடுப்புப் பகுதியில் முளைக்கும் இறகே இறுதிச் சான்று: சேவலுக்கு அது ஒடுங்கிக் கூர்ந்து பளபளத்துத் தொங்கும், பெட்டைக்கு நுனி உருண்டிருக்கும். அதுவரை பொறுக்க இருவரும் உடன்பட்டனர்.

கூவியது சேவல் என்று எப்போதும் கொள்ளலாமா என்ற கேள்வி அங்கேயே எழுந்தது. பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா என்பது தமிழ்ப் பழமொழி. சேவலை மூடி வைத்தாலும் கிழக்கு வெளுக்காமல் போகாது என்பது மூதாட்டி சொன்ன மராத்திப் பழமொழி. பெட்டையும் கூவுவதுண்டு. கோழிக்கு இடப்புறச் சூலகம் மட்டுமே வளர்ந்து வேலை செய்கிறது. நோயால் அது பழுதானால், வளராது கிடந்த வலப்புற உறுப்பு விதைப்பையின் தன்மையோடு வளர, கொண்டை பெருத்துக் குரலும் மாறக்கூடும். பெண் குரலை அடக்கச் சொல்லப்பட்ட பழமொழிக்குக் கோழியின் உடலே உடன்படவில்லை.

செம்பூர்

குர்லாவிலிருந்து துறைமுக வழியில் திலக் நகரை அடுத்த நிலையம் செம்பூர். அங்குள்ள சேடா நகர் முருகன் கோயிலில் சேவற்கொடிக்கு முன் நிற்கும்போது, தமிழில் சேவல் என்னும் சொல்லின் பழமை நினைவுக்கு வருகிறது. தொல்காப்பிய மரபியல் மயில் நீங்கலாகச் சிறகுடைய ஆண்பறவை அனைத்துக்கும் சேவல் என்ற பெயரை உரிமையாக்குகிறது. அளகு என்னும் பெண்பாற் பெயரையோ கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே ஒதுக்குகிறது. பொருது இறந்த சண்டைச் சேவலுக்கு நடுகல் எடுத்த ஊரும் தமிழ்நாட்டில் உண்டு. விழுப்புரம் வட்டாரத்து அரசலாபுரத்தில் அக்கல் எழுத்தோடு கிடைத்திருக்கிறது. வளர்ந்த கோழிக்கு இத்தனை பெயர் வைத்த மொழி, சேவலும் பெட்டையும் பிரியாத பருவத்தை மட்டும் குஞ்சு என்ற பொதுப்பெயரிலேயே விட்டுவைத்தது மிகச் சரியானது.

தாராவி

குர்லாவை அடுத்த சயானில் இறங்கித் தொண்ணூறடிச் சாலைக்கு நடந்தால், தமிழ்ப் பெயர்ப்பலகைகளும் பொங்கல் பானைக் கடைகளும் மல்லிகைச் சரமும் எதிர்ப்படுகின்றன. ரயிலில் உடன்வந்த தையற்காரரின் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு, அம்மியில் அரைத்த மசாலாவோடு. அடுத்த நேர்த்திக்கு எட்டு வாரம் முடிந்த சேவலாகவே வாங்கி நேர்ந்துவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். அவருக்குச் சொல்லக்கூடிய அறிவுரையும் அதுவே.

குர்லா, மீண்டும்

திரும்பும் நாளிலும் நிலைய வாசலில் அந்த அட்டைப் பெட்டி இருந்தது. ஊதா நிறம் தீர்ந்துவிட்டிருந்தது. ஜெர்மனி 2022 முதல் ஆண் குஞ்சுகளைக் கொல்வதைச் சட்டத்தால் நிறுத்தி, முட்டைக்குள்ளேயே பால் அறியும் கருவிகளுக்கு மாறியிருக்கிறது. இங்கு அது வரும் வரை, சாயம் பூசிய குஞ்சைக் குழந்தைக்கு வாங்கித் தராதிருப்பது ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. முட்டைக்கென்று கோழி வேண்டுவோர் இரண்டு மாதம் நிறைந்த நாட்டு வெடையை, உடன் பொரித்த சேவலோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது.

பதின்மூன்றாம் வாரத்தில் குர்லாச் சந்திலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. ஒன்பதாவது குஞ்சின் இடுப்பு இறகுகள் நுனி உருண்டிருந்தன. பெட்டை.